லீக்கிலிருந்து யூனியனுக்கு: முதலில் சட்டை எண்ணைக் கேளுங்கள்

வாசகர் கடிதம்: சிட்னியின் மேற்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா, அம்மா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். வயது 22, உயரம் 186 செ.மீ., எடை 96 கிலோ. பன்னிரண்டு வயதிலிருந்து ரக்பி லீக் (அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி) மட்டுமே ஆடுகிறேன். இப்போது நியூ சவுத் வேல்ஸ் கப் போட்டியில் இடப்பக்க சென்டர். லீக்கின் உச்சப் போட்டியான என்ஆர்எல் அணியில் இன்னும் இடம் கிடைக்கவில்லை. சிட்னியின் கிளப் போட்டியான ஷூட் ஷீல்டில் ஆடும் ஒரு யூனியன் (அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி) கிளப் என்னை அழைக்கிறது. நன்றாக ஆடினால், யூனியனின் மேல்நிலைப் போட்டியான சூப்பர் ரக்பியின் பயிற்சிக் குழுவுக்குப் பரிந்துரைப்பார்களாம். "உன் உடம்புக்கு 12-ஆம் எண், இல்லாவிட்டால் ஃபிளாங்கர்" என்கிறார் அங்குள்ள பயிற்சியாளர். மாறலாமா? பழக எவ்வளவு காலம் பிடிக்கும்? சரிவராவிட்டால் திரும்ப முடியுமா? இதுவரை இரண்டு முறை தலையில் அடிபட்டு ஆட்டத்திலிருந்து வெளியேறியிருக்கிறேன். அம்மாவுக்கு அதுதான் பெரிய பயம்.

பதில்:

அன்புத் தம்பி,

மாறலாம். 22 வயது அதற்கு நல்ல வயது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது: "12-ஆம் எண், இல்லாவிட்டால் ஃபிளாங்கர்." 12 என்பது உள் சென்டர், பின்வரிசை ஆட்டக்காரர். ஃபிளாங்கரோ, இரு அணியும் பிணைந்து தள்ளும் ஸ்க்ரம்மில் தோள் கொடுக்கும் முன்வரிசைக்காரர். இரண்டும் தனித்தனித் தொழில்கள். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் ஒருவர் சொன்னால், உங்களை எங்கே நிறுத்துவது என்று அவர் இன்னும் யோசிக்கவில்லை என்றே பொருள்.

இந்தக் குழப்பம் எவ்வளவு பெரிய ஆட்டக்காரரையும் கவிழ்த்துவிடும். சாம் பர்ஜஸ் 2014 என்ஆர்எல் இறுதியாட்டத்தின் தொடக்கத்திலேயே கன்ன எலும்பு உடைந்தும் கடைசிவரை ஆடி, சவுத் சிட்னிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே. அந்த ஆண்டே இங்கிலாந்தின் பாத் கிளப்புக்குப் போனார். கிளப் அவரை 6-ஆம் எண் ஃபிளாங்கராகப் பழக்கியது. இங்கிலாந்து அணியோ 2015 உலகக் கோப்பையில் அவரை 12-ஆம் எண்ணில் இறக்கியது. யூனியனில் ஓராண்டு அனுபவம்கூட நிரம்பாத நேரம் அது. இங்கிலாந்து முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஐந்து சர்வதேச ஆட்டங்களோடு, மூன்றாண்டு ஒப்பந்தத்தின் பெரும்பகுதி மிச்சமிருக்க, அவர் சவுத் சிட்னிக்கே திரும்பினார். அவருக்குத் திறமை போதாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே சட்டையில் இரண்டு பருவம் ஆட அவருக்கு வாய்ப்புத் தரப்படவில்லை, அவ்வளவுதான்.

12-ஆம் எண்ணில் தடுமாறியவர் அவர் மட்டுமல்ல. இங்கிலாந்தின் லீக் கிளப்பான விகனின் தலைவராக இருந்த ஆண்டி ஃபாரல் 2005-இல் யூனியன் கிளப்பான சரசென்ஸுக்கு மாறி, காயங்களில் நீண்ட காலம் இழந்து, பிறகு இங்கிலாந்துக்கு 12-ஆம் எண்ணில் ஆடினார். மொத்தம் எட்டு ஆட்டங்கள். 2018-இல் என்ஆர்எல்லின் சிறந்த வீரருக்கான டாலி எம் விருது பெற்ற ஃபுல்-பேக் (அணிக்குக் கடைசியில் நிற்பவர்) ரோஜர் டுய்வாசா-ஷெக், 2022-இல் ஆக்லாந்தின் ப்ளூஸில் பெரும்பாலும் 12-ஆம் எண்ணில் நிறுத்தப்பட்டார். நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸுக்கு மூன்று ஆட்டங்கள் ஆடிவிட்டு, 2024-இல் தன் பழைய லீக் அணியான வாரியர்ஸுக்கே வந்துவிட்டார். சோனி பில் வில்லியம்ஸ் இந்த வரிசைக்கு விதிவிலக்கு. ஆனால் 2008-இல் லீக்கை விட்ட அவர், பிரான்சின் டூலோனில் இரண்டு பருவம் ஆடிப் பழகிய பிறகே, 2010 நவம்பரில் ஆல் பிளாக்ஸ் சட்டையை அணிந்தார்.

12-ஆம் எண் ஏன் இப்படிக் கழுத்தைப் பிடிக்கிறது? 9, 10-ஆம் எண்களுக்கு அடுத்தபடியாக ரக்குக்கு (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் நின்று தள்ளும் மோதலுக்கு) அருகில் இருக்கும் பின்வரிசை இடம் அது. 10-ஆம் எண்காரர் பந்தை எடுக்கும் அரை நொடியில், ஓடுவதா, கொடுப்பதா, உதைப்பதா, அடுத்த ரக்கைக் காக்கப் போவதா என்று முடிவெடுக்க வேண்டும். லீக்கில் உங்களுக்கு ஆறு டேக்கிள் (ஆறு முறை பிடித்து வீழ்த்தப்படும்வரை பந்து உங்களிடம்) என்ற கணக்கு உண்டு. ஐந்தாவது முடிந்தால் உதை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். யூனியனில் அந்தத் தாளம் கிடையாது. ஒரே தாக்குதல் இருபது கட்டம் போகலாம், இரண்டாவது கட்டத்திலேயே உதையும் வரலாம். தாளம் இல்லாத ஆட்டத்தைப் படிக்கும் கண் பழகுவதற்கு முன்பே, அந்தக் கண் மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்தில் போய் நிற்கக் கூடாது.

விங்கிலும் (மைதான ஓரத்தில் ஓடும் இடம்) ஃபுல்-பேக்கிலும் வேரூன்றியவர்களைப் பாருங்கள். ஜேசன் ராபின்சன் 2000-இன் இறுதியில் விகனிலிருந்து சேல் அணிக்குப் போனார். அடுத்த ஆண்டே இங்கிலாந்துக்கும், பிரிட்டன்–அயர்லாந்து கூட்டணியான லயன்ஸுக்கும் ஆடினார். 2003 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் ஒரே ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) அவருடையது. அதே ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ட்ரையை, ராபின்சனின் தலைக்கு மேல் எம்பிப் பிடித்து வைத்தவர் லோட்டே டுகிரி. அவரும் லீக்கிலிருந்து வந்த விங்தான். வெண்டெல் செய்லர், மேட் ரோஜர்ஸ் ஆகியோரும் அன்று அதே ஆஸ்திரேலிய அணியில் இருந்தார்கள். 2007-இல் விகனிலிருந்து நார்தாம்ப்டனுக்கு மாறிய கிறிஸ் ஆஷ்டன், பின்னாளில் இங்கிலாந்தின் பிரீமியர்ஷிப்பில் 100 ட்ரைகளைத் தொட்ட முதல் ஆள். ஓட்டமும் பந்து பிடிக்கும் கையும் பேசும் இடம் அது. பிழை நடந்தாலும் அணி முழுவதும் சரியாது.

ஆகவே என் முடிவு: முதல் பருவம் 11 அல்லது 14-ஆம் எண் சட்டை, அதாவது விங். இரண்டாம் பருவத்தில் 13, அதாவது வெளி சென்டர். ஆசை இருந்தால் 12-ஐ மூன்றாவது பருவத்தில் நினைக்கலாம். ஃபிளாங்கர் வேண்டாம். லைன்அவுட்டில் (வெளியே போன பந்தை உள்ளே எறியும்போது) ஆளைத் தூக்குவது, ஸ்க்ரம்மில் பிணைவது, மோலை (பந்தோடு நிற்பவரைச் சுற்றிப் பிணைந்த கும்பலை) தள்ளுவது, தடுப்பது ஆகிய நான்கையும் அடியிலிருந்து கற்க வேண்டியிருக்கும். லீக்கிலிருந்து வந்த பிராட் தோர்ன் முன்வரிசையில் வென்றார் என்று யாராவது உதாரணம் காட்டுவார்கள். அவர் லாக் (ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசை) இடத்துக்கே பிறந்த உடம்புக்காரர். 2001-இல் ஆல் பிளாக்ஸ் அழைத்தபோது, தான் அந்தச் சட்டைக்குத் தயாரா என்று தனக்கே நிச்சயமில்லை என்று விலகி நின்று, 2003-இல்தான் ஆடினார். அவ்வளவு நேர்மையாகத் தன்னை எடைபோட்டவருக்குத்தான் அது வாய்த்தது.

லீக்கிலிருந்து வந்த ஜோசஃப் சுவாலி 2024 நவம்பரில் ஒரு சூப்பர் ரக்பி ஆட்டம்கூட ஆடாமல், ட்விக்கன்ஹாமில் 13-ஆம் எண்ணில் இறங்கி ஆஸ்திரேலியாவை 42–37 என்று வெல்ல உதவினாரே என்று நீங்கள் கேட்கலாம். பள்ளி நாட்களில் அவர் யூனியன் ஆடியவர். ராபின்சனும் 1996-இல் சில மாதங்கள் பாத்தில் யூனியன் ஆடிப் பார்த்தவர். முன்பே ரக்கில் விழுந்து எழுந்த உடம்பு அதை மறப்பதில்லை. உங்களுக்கு அந்த முதலீடு இல்லை. அதைத்தான் இப்போது சேர்க்க வேண்டும்.

எங்கே சேர்ப்பது? தரையில். லீக்கிலிருந்து வருபவர்கள் பந்தோடு ஓடுவதில் தோற்பதில்லை. டேக்கிள் முடிந்த அடுத்த மூன்று நொடிகளில்தான் தோற்கிறார்கள்.

லீக்கில் உங்களைப் பிடித்தால் என்ன செய்வீர்கள்? குப்புற, முழங்காலும் முழங்கையும் தரையில் படும்படி விழுந்து, சட்டென்று எழுந்து, பந்தைக் காலால் பின்னே தள்ளுவீர்கள். பல வருடம் இதற்குத்தான் பாராட்டு வாங்கியிருப்பீர்கள். யூனியனில் இதே பழக்கம் உங்களுக்கு எதிரி. பிடிபட்டுத் தரைக்கு வந்த உடனே பந்தை விட வேண்டும். பந்தோடு எழ முயன்றால் பெனால்டி. குப்புற விழுந்தால் பந்து நெஞ்சுக்கடியில் சிக்கும். எதிரணியின் ஜாக்கல், அதாவது நின்றபடி குனிந்து பந்தைப் பறிக்க வருபவர், உங்கள் மேல் கை வைத்துவிடுவார். நீங்கள் விடமாட்டீர்கள், நடுவர் ஊதுவார். ஒரு பெனால்டி என்றால் மூன்று புள்ளி, அல்லது உங்கள் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் லைன்அவுட்.

விழும் விதத்தை மாற்றுங்கள். முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் பக்கவாட்டில் விழ வேண்டும். தரை தொட்டதும் இடுப்பை மடித்துச் சுழன்று, கால்கள் எதிரணிப் பக்கமும் தலையும் கைகளும் நம் அணிப் பக்கமும் வரும்படி திரும்பி, இரண்டு கையாலும் பந்தைக் கை எட்டும் தொலைவு முழுக்கப் பின்னே வைக்க வேண்டும். வலப்பக்கம் பத்து, இடப்பக்கம் பத்து. இப்படி மூன்று சுற்று, வாரம் நான்கு நாள். முதல் வாரம் ஆளில்லாமல். இரண்டாம் வாரம் ஒருவர் டேக்கிள் செய்ய. மூன்றாம் வாரம் முதல், டேக்கிள் செய்பவரோடு ஒரு ஜாக்கலும் வர வேண்டும். ஆறு வாரம் இதைச் செய்தால், களைத்துப்போன 70-ஆவது நிமிடத்திலும் உடம்பு தானாகத் திரும்பும். இடையில் நிறுத்தினால், களைப்பு வந்ததும் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும்.

நீங்கள் டேக்கிள் செய்பவராக இருக்கும்போதும் இதே கதைதான். லீக்கில் இரண்டு மூன்று பேர் கட்டிப்பிடித்து, மல்லாக்கத் திருப்பி, எதிராளி எழுவதைத் தாமதப்படுத்துவது கலை. யூனியனில் ஆளைத் தரைக்குக் கொண்டுவந்த கணமே கையை எடுத்து, உருண்டு விலக வேண்டும். இரண்டாவதாக வந்து, நின்றபடியே பிடித்தவர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கை இரண்டையும் நடுவர் கண்ணில் படும்படி விலக்கிக் காட்டிய பிறகே பந்தைத் தொடலாம். லீக்கிலிருந்து வரும் சென்டர்கள் எளிதில் பெனால்டி கொடுக்கும் இடம் இது. பயிற்சியில் "பிடி, விடு, உருள்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும்.

அடுத்தது ரக்கில் நுழைவது. ஒரு பெரிய ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து 150-க்கும் மேற்பட்ட ரக் நடக்கும். லீக்கில் தோழன் பிடிபட்டால் நீங்கள் அடுத்த ஓட்டத்துக்குத் தயாராவீர்கள். இங்கே, அருகில் இருப்பவர் நீங்களானால் அடுத்த இரண்டு நொடிக்குள் அவருக்கு மேலே நீங்கள் நிற்க வேண்டும். விங்காக இருந்தாலும் விலக்கில்லை. பின்னால் இருந்து, அதாவது கடைசி ஆளின் காலுக்குப் பின்னிருந்து நுழைய வேண்டும். பக்கவாட்டில் வந்தால் பெனால்டி. தோள் எப்போதும் இடுப்புக்கு மேல். ஜாக்கலின் நெஞ்சுக்கும் தோளுக்கும் அடியில் உங்கள் தோள் போக வேண்டும். அவர் கழுத்தைப் பிடித்து முறுக்கி உருட்டுவது, க்ரோக்கடைல் ரோல் என்பது, 2024 முதல் தடைசெய்யப்பட்டது. யாராவது பழைய ஆள் சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள்.

டேக்கிளின் உயரம். லீக்கில் பந்தையும் ஆளையும் சேர்த்து மார்பளவில் பூட்டுவது வழக்கம். யூனியனில் தலையில் பலமாகப் பட்டால் சிவப்பு அட்டை. அதோடு ஆஸ்திரேலியா 2024-இல் சூப்பர் ரக்பிக்குக் கீழே உள்ள ஆட்டங்களுக்கு, மார்பெலும்புக்குக் கீழேதான் டேக்கிள் என்ற சோதனை விதியைக் கொண்டுவந்தது. நீங்கள் சேரும் பருவத்தில் ஷூட் ஷீல்டில் எந்த உயரம் அமலில் இருக்கிறது என்று கிளப்பிடம் முதல் நாளே கேளுங்கள். மறு கேள்வியில்லாமல் இடுப்பைக் குறிவைத்துப் பழகிவிடுவதே நல்லது.

நிற்கும் இடமும் மாறும். பத்து மீட்டர் பின்வாங்கியே பழகியவர், ரக்கின் கடைசிக் கால்தான் ஆஃப்சைடு கோடு என்பதை மறந்து தேவையில்லாமல் பின்னால் நின்று இடத்தைத் தாரை வார்ப்பார். ஸ்க்ரம் என்றால் ஐந்து மீட்டர், லைன்அவுட் என்றால் பத்து மீட்டர். இந்த மூன்று தூரமும் விரல் நுனியில் இருக்க வேண்டும். ரக்குக்கு முன்னே நிற்கும் மார்க்கர் என்ற ஆள் யூனியனில் கிடையாது என்பதையும் கால்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

விங்குக்கு உயிர்நாடி உயரப் பந்து. 9-ஆம் எண்காரர் ரக்கின் பின்னிருந்து எந்தக் கட்டத்திலும் மேலே உதைப்பார். 2024 இறுதியிலிருந்து, பந்தைத் துரத்தி வருபவரைச் சுவர்போல் மறைக்கும் பழக்கத்தை நடுவர்கள் கண்டிப்பாக ஊதுகிறார்கள். அதனால் வானத்துப் பந்துக்கு நேருக்கு நேர் போட்டி கூடியிருக்கிறது. வாரம் மூன்று நாள், நாளுக்கு முப்பது பந்து. அதில் பாதி, எதிரே ஒருவர் எம்பி வர. பக்கவாட்டில் திரும்பி, ஒரு முழங்காலை உயர்த்தி, கண் உயரத்துக்கு மேலே பிடியுங்கள். காற்றில் இருப்பவரைத் தொடக் கூடாது என்ற விதி உங்களைக் காக்கும். தாமதமாக எம்பினால் அதே விதி உங்களைத் தண்டிக்கும். 50:22 உதைக்காக (தன் பாதியிலிருந்து உதைத்த பந்து உங்கள் 22 மீட்டர் கோட்டுக்குள் தரையில் பட்டு வெளியே போனால், லைன்அவுட்டில் எறிவது உதைத்த அணிக்கே) பின்புலத்தைக் காப்பது லீக்கின் 40/20 போன்றதே, சீக்கிரம் பிடிபடும்.

உடம்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 96 கிலோ விங்குக்குத் தாராளம், ஏற்ற வேண்டாம். கழுத்துக்கு மட்டும் தனிப் பயிற்சி தேவை: நான்கு திசையிலும் பத்து நொடி எதிர்ப்புப் பிடி, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள், உடற்பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க.

நீங்கள் கையோடு கொண்டுபோவதையும் குறைத்து எண்ணாதீர்கள். தனியாளாக நின்று பிடிக்கும் டேக்கிள், பிடிபட்டபடியே ஆஃப்லோட் கொடுக்கும் கை, ஓட்டத்தின் கோணம் ஆகியவற்றில் லீக் ஆட்டக்காரர் முந்தியே நிற்கிறார். 2003-இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்தின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் ஃபில் லார்டர் லீக்கிலிருந்து வந்தவர். ஃபாரல் பின்னாளில் அயர்லாந்தின் தலைமைப் பயிற்சியாளரானார்.

இனி ஒப்பந்தம். இந்தக் கணக்கை நிதானமாகப் பாருங்கள். என்ஆர்எல்லில் 17 அணி, அணிக்கு முப்பது முதல்நிலை இடம், ஆக 510. ஆஸ்திரேலியாவில் சூப்பர் ரக்பி அணிகள் வாரட்டாஸ், ரெட்ஸ், பிரம்பீஸ், ஃபோர்ஸ் என்று நான்கே. அணிக்கு 35 முதல் 40 பேர் என்று வைத்தாலும் 160-ஐத் தாண்டாது. வாசல் குறுகலானது. மறுபுறம், யூனியன் தெரிந்தவருக்கு ஜப்பானின் லீக் ஒன்னும் (பெயரில் லீக் இருந்தாலும் யூனியன்தான்) பிரான்சின் டாப் 14-உம் அதன் கீழ்ப்பிரிவும் திறந்திருக்கும். லீக்குக்கு வெளிநாட்டில் பெரிய சந்தை இங்கிலாந்தின் சூப்பர் லீக் மட்டுமே. திரும்பும் வழியைப் பற்றிக் கேட்டீர்கள்: 1995-க்கு முன் யூனியனிலிருந்து லீக்குக்குப் போனவருக்கு ஆயுள் தடை. இன்று அந்தத் தடை இல்லை. பெர்த் அணி 2027-இலும் பாப்புவா நியூ கினி அணி 2028-இலும் என்ஆர்எல்லில் சேர இருப்பதால் லீக்கில் இடங்கள் கூடத்தான் போகின்றன. 24 வயதில் திரும்பினாலும் நேரம் உண்டு.

நியூ சவுத் வேல்ஸ் கப்பும் ஷூட் ஷீல்டும் ஏறத்தாழ ஒரே மாதங்களில் நடப்பவை, இரண்டிலும் கால் வைக்க முடியாது. இப்போதைய கிளப்பிடமிருந்து விடுவிப்பை எழுத்தில் வாங்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். வில்லியம்ஸ் 2008-இல் பாதிப் பருவத்தில் புல்டாக்ஸை விட்டுப் போனபோது, அது இழப்பீடு கொடுத்துத் தீர்க்க வேண்டிய வழக்கானது. புது ஒப்பந்தம் இரண்டு பருவத்துக்குக் குறையக் கூடாது. காயத்தின்போது ஊதியம் எத்தனை வாரம் என்று தெளிவாக இருக்க வேண்டும். எந்த எண்ணில் ஆடுவார் என்பதை ஒப்பந்தத்தில் யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் முதல் பருவத்தில் எங்கே ஆடவைப்போம், ரக் பயிற்சி யார் தருவார், சூப்பர் ரக்பி பயிற்சிக் குழுவுக்கு யார், எப்போது பரிந்துரைப்பார் என்று ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்கலாம். அதையும் தர மறுத்தால் அந்த வாய்மொழிப் பரிந்துரையின் எடை தெரிந்துவிடும். கையெழுத்துக்கு முன் யூனியன் ஆட்டக்காரர் சங்கத்திடமும் பேசுங்கள்.

யூனியனுக்கு வந்ததும் இலங்கை அணியின் அழைப்பும் வரலாம். பெற்றோர் பிறந்த நாடு என்ற அடிப்படையில் உங்களுக்கு அந்தத் தகுதி உண்டு. இலங்கையில் யூனியன் ஆழமாக வேரோடிய ஆட்டம், அந்தச் சட்டை பெருமைக்குரியது. ஆனால் ஒரு நாட்டின் முதல் அணிக்கு ஆடிவிட்டால், வேறு நாட்டுக்கு மாற மூன்றாண்டு சர்வதேச ஆட்டமே இல்லாமல் காத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு முறைதான். ஆஸ்திரேலியச் சட்டை கனவில் இருந்தால் அவசரப்படாதீர்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. எந்த ஆட்டம் தலைக்குப் பாதுகாப்பு என்று ஒரு சொல்லில் பதில் சொன்னால் அது பொய்யாகும். லீக்கில் ஓடிவந்து மோதும் வேகம் அதிகம். யூனியனில் ரக்கில் தலை குனிந்திருக்கும் நேரம் அதிகம். மாறும் காலத்தில் ஆபத்து சற்றுக் கூடும், ஏனென்றால் தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்கும் அந்த இமைப்பொழுதில்தான் அடி விழும். டேக்கிளில் எதிராளியின் பின்பக்கம் உங்கள் கன்னம் ஒட்ட வேண்டும், ஒருபோதும் அவர் உடம்புக்கு முன்னே தலை போகக் கூடாது. அந்த இரண்டு அடிபட்ட தேதிகளையும், எத்தனை நாள் தலைவலியோ மங்கலோ இருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். தலைக்காயம் பார்க்கும் விளையாட்டு மருத்துவரிடம் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய், அடிப்படைப் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையைப் புதிய கிளப்பின் மருத்துவரிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே கொடுங்கள். அறிக்கையைப் பார்த்ததும் அவர்கள் தயங்கினால், ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பதிலோடு மறுபடி எழுதுங்கள். மூன்றாவது அடி ஏற்கெனவே பட்டு அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அதையும் அந்தத் தாளில் சேருங்கள்.